நடுவில் நான்கு நாட்கள்

ஆவடி
14.9.2025

அன்புள்ள சுலோ,

பத்து நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. பி.எட். படித்தபோது லீவு விட்டால் இன்லண்டு லெட்டர் எழுதிக்கொள்வோமே, அந்த நினைப்பில் இதை எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தபிறகு பிரிக்காமல் வைக்க உனக்கு மனசு வராது.

இங்கே எல்லோரும் சுகம். அசோக்குக்குத்தான் முட்டிவலி. பாக்டரிக்கு சைக்கிளில் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை. குவார்ட்டர்ஸ் பின்பக்கம் போட்ட பாகல் கொடி காய்க்கிறது. நீ வந்தால் பறித்துத் தரலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

ஆசிரியர் தின விழாவுக்கு நீ வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மாவட்ட விருது என்று பெயர்தான். ஒரு சால்வை, ஒரு கேடயம். அதற்காக மேனாம்பேட்டிலிருந்து திருமழிசையில் எங்கள் பள்ளி வரைக்கும் பஸ் மாறி மாறி நீ வந்தாயே, அதுதான் எனக்குப் பெரிது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய கவிப்பிரியா மைக்கைப் பிடித்துப் பேசினாள். அவள் இறங்கியதும் பார்க்கிறேன், உன் நாற்காலி காலி. உனக்கென்று எடுத்து வைத்த பிரியாணியைக் கடைசியில் வாட்ச்மேன் சாப்பிட்டார்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்.

உன்
ஜெபா

*

மேனாம்பேடு, அம்பத்தூர்
28.9.2025

அன்புள்ள ஜெபா,

கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் நீ இரண்டு நிமிடத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எடுக்கவில்லை. எழுத்தில் சுலபமாக வருகிறது: எனக்கு உன்மேல் பொறாமை.

அன்றைக்கு மேடையில் உனக்குச் சால்வை போர்த்தியபோது என் கைதான் தட்டியது. உள்ளே நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் என் நோட்டைப் பார்த்துத்தான் நீ படித்தாய். திரிகோணமிதி உனக்குப் பிடிபடவில்லை என்று ஹாஸ்டல் மாடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது நான். உனக்கு அரசுப் பள்ளி கிடைத்தது, எனக்கு உதவிபெறும் பள்ளி. சரி, அது அதிர்ஷ்டம். இருபத்திரண்டு வருஷமாகப் பன்னிரண்டு மார்க் வாங்குகிற பெண்ணைப் பிடித்துவைத்து, மாலை ஐந்தரை மணி வரைக்கும் தொண்டை கிழியக் கத்தி, முப்பத்தைந்துக்குக் கொண்டுவருகிறேன். அந்த இருபத்துமூன்று மார்க்குக்கு எந்த ஊரில் சால்வை போடுகிறார்கள்? நூறு வாங்கத் தெரிந்த குழந்தைக்கு நூறு வருவதில் டீச்சரின் பங்கு எவ்வளவு? இது நியாயமா என்று உன்னைத்தான் கேட்கிறேன், நீயும் கணக்கு டீச்சர்தானே.

இதையும் விழுங்கியிருப்பேன். ஆனால் கவிப்பிரியா முதலில் என் மாணவி. ஒன்பதாம் வகுப்பு முழுக்கவும், பத்தாவதில் இரண்டு மாதமும் என் வகுப்பில் உட்கார்ந்தவள். அவள் மைக்கில் என்ன சொன்னாள்? “கணக்கு எனக்கு வரும்னு நம்பினது ஜெபா மிஸ் மட்டும்தான்.” மட்டும்தான்! நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சம்பத்திடம் சொன்னேன். சின்னப் பெண் பேசியதை மனசில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார். அவருக்குப் புரியாது.

ஒன்றே ஒன்று சொல். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நீ சொல்லிக்கொடுத்தாயா?

சுலோசனா

*

ஆவடி
12.10.2025

அன்புள்ள சுலோவுக்கு,

பொறாமை என்று நீ எழுதியது எனக்கு வலிக்கவில்லை. திரிகோணமிதி உன்னிடம்தான் கற்றேன், அதை இன்றைக்கும் வகுப்பில் சொல்கிறேன். இந்தச் சால்வையைப் பாதி கிழித்துத் தரச் சொன்னால்கூடத் தருவேன்.

ஆனால் நீ கடைசியில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாளாயிற்று. நான் அவளிடம் உன் பெயரைச் சொல்லச் சொன்னேன், சுலோ. விழாவுக்கு முதல் நாள் கூப்பிட்டுச் சொன்னேன். மாட்டேன் என்றாள். வற்புறுத்தினேன். அப்போதுதான், “அவங்க உங்க ஃபிரெண்டுன்னுதான் மிஸ் இத்தனை நாளா நான் வாயத் தொறக்கல,” என்றாள்.

என்ன விஷயம் என்பதை, உன் கடிதம் வந்தபிறகு நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன். 2022 ஜூலையில் பத்தாம் வகுப்பு இடைத்தேர்வு. கோண இருசமவெட்டித் தேற்றத்தை நிரூபிக்க ஐந்து மார்க். புத்தகத்தில் இருக்கிற மாதிரி இல்லாமல், முக்கோணங்களின் பரப்பளவை வைத்து நாலே வரியில் எழுதியிருக்கிறாள். நீ பூஜ்யம் போட்டு, பக்கத்தில் “பார்த்து எழுதியது” என்று சிவப்பு மையில் எழுதினாயாம். தலைமையாசிரியை அறைக்கு அவள் அம்மாவை வரவழைத்தாயாம். “காப்பி அடித்தேன், மன்னிக்கவும்” என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார்களாம். அவள் எழுதவில்லை. அவள் அம்மா பொன்னியம்மா, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்த உடுப்போடு வந்து உன் காலில் விழுந்திருக்கிறாள். கடைசியில் டி.சி. வாங்கிக்கொண்டு, அம்பத்தூர் வீட்டைக் காலி செய்து, வேலையையும் விட்டுவிட்டு, திருமழிசையில் அக்கா வீட்டுப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு யூனிட்டில் வேலை கிடைக்க அந்த அம்மாவுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

என்னிடம் வந்து சேர்ந்தபோது இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா இல்லாததால் ஊர் மாறினோம் என்றுதான் சொன்னாள்.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவு கட்டக்கூடாது என்று நாம் இருவரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்த அறையில் வேறு யாருமே அப்படி எழுதவில்லையாமே. அப்படியென்றால் யாரைப் பார்த்து எழுதியிருப்பாள்?

நடந்தது அதுவல்ல என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், நம்பிவிடுவேன்.

ஜெபா

*

மேனாம்பேடு
7.12.2025

ஜெபா,

அந்த ஒரு வரியை எழுத ஐந்து முறை உட்கார்ந்தேன். முடியவில்லை. அவள் சொன்னது எல்லாம் உண்மை. அவளுக்கே தெரியாதது ஒன்று இருந்தது, அதையும் எழுதுகிறேன்.

அது இடைத்தேர்வில் ஆரம்பித்ததில்லை. அந்த ஜூன் மாதம் ஒருநாள் கரும்பலகையில் ஒரு வடிவியல் கணக்கோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள், “மிஸ், அந்தக் கோட்ட நீட்டினா போதும்ல?” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நீட்டினேன், வந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் கை தூக்கினால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். எனக்குப் பதினைந்து வயதில் அப்படி ஒன்று தோன்றியதில்லை, ஜெபா. நாற்பத்தெட்டிலும் தோன்றவில்லை. நான் உழைத்துப் படித்தவள். அவள் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. உன் சால்வைமேல் பட்ட பொறாமை இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஒரு குழந்தையின் தலைக்குள் இருப்பதைப் பார்த்து நான் வயிறெரிந்தேன்.

அவள் எழுதிய நாலு வரி எனக்குப் புரியவில்லை. புரியாததை, பிட்டு என்று சொல்லிவிட்டேன். அது வெள்ளிக்கிழமை. அன்றைக்கே பொன்னியம்மாவை வரவழைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். உயரம் ஒன்று, அதனால் பரப்பளவு அடிப்பக்கத்தின் விகிதம். சரி. கோணம் பாதி, அதனால் இரண்டு பக்கத்துக்கும் தூரம் சமம். சரி. பானையில் தண்ணீர் வற்றிப்போனதுகூடத் தெரியவில்லை. புத்தகத்தில் இருப்பதைவிட அழகாக இருந்தது. திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாயும் சொல்லவில்லை. வியாழக்கிழமை டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

உன் கடிதம் வந்தபிறகு, பூஜ்யம் போட்டது தப்பு, காப்பி அடித்தாள் என்றது பொய் என்று தலைமையாசிரியை கமலம் அம்மாவிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறாய் என்று முதலில் திட்டினார். பிறகு நிர்வாகத்துக்கு அனுப்பினார். பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்து, ஏழாவது கொடுத்திருக்கிறார்கள். நியாயம்தான்.

அந்தக் கடிதத்தின் நகலோடு போன ஞாயிறு திருமழிசை போனேன். பொன்னியம்மா உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். அதைக் குடிக்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டதை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இப்போ இன்னாத்துக்கு டீச்சர் இம்மாந் தொலவு வந்துகினு? அன்னிக்கு உங்க கால்ல உயுந்தேனே, அப்போ சொல்லியிருந்தா என் ஊட்ட காலி பண்ணாம இருந்திருப்பேன்.”

கவிப்பிரியா நகலைப் படித்தாள். இப்போது காலேஜில் பி.எஸ்சி. கணக்கு படிக்கிறாளாமே, நீ சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

“நான் எழுதினது சரின்னு உங்களுக்கு எப்ப மிஸ் தெரிஞ்சது?”

பொய் சொல்லியிருக்கலாம். உன் கடிதம் வந்துதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

“நாங்க டி.சி. வாங்கினது வியாழக்கிழம. அப்ப நடுவுல நாலு நாள் இருந்திருக்கு,” என்றாள்.

நகலை மடித்து டி.வி. ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பொன்னியம்மாதான் பூந்தமல்லி பஸ் வரும்வரை என்னோடு நின்றாள்.

எல்லாம் சொல்லிவிட்டேன். இனி நீ எழுதுவாயா என்று தெரியவில்லை.

சுலோ

*

மேனாம்பேடு
22.2.2026

அன்புள்ள ஜெபா,

பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை போட்டேன். அதற்கும் பதில் இல்லை. கோபமாக எழுதவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் பேனா ஓடியிருக்காது. அசோக் அண்ணனுக்கு முட்டி எப்படி இருக்கிறது? சம்பத் விசாரித்தார்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நிறையப் பேசுகிறார்கள். முதல் மாதம் தலைவலி. இப்போது பழகிவிட்டது.

முந்தாநாள் வகுப்பில் நடந்ததைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. ஏழில் ஐந்து பெரிதா, ஒன்பதில் ஏழு பெரிதா என்று டெஸ்ட் வைத்தேன். பகுதியைச் சமமாக்கி, பெருக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அப்படித்தான் நடத்தியிருந்தேன். ரேவதி என்று ஒரு பெண், அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், எதையும் பெருக்கவில்லை. ஒன்பதில் ஏழு பெரிது என்று விடையை மட்டும் எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

“முழுசுக்கு ரெண்டுத்துலயுமே ரெண்டு துண்டு கம்மி மிஸ். ஆனா ஒம்போதா வெட்டினா துண்டு சின்னது. அப்போ அதுலதான கம்மியா போய்கீது?”

எனக்கு அது தோன்றியதே இல்லை, ஜெபா. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே வயிற்றெரிச்சல் வந்தது. கொஞ்சமும் குறையாமல் வந்தது. இதெல்லாம் செய்தபிறகு அது என்னைவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, போர்டில் எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லி முடிக்கும்வரை கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டேன். பிறகு அவள் தாளில் முழு மார்க் போட்டேன்.

உன்
சுலோசனா