ஜெனியின் மூன்றாவது பாவம்

சனிக்கிழமை, இரவு.

அடுத்த வாரம் ஜெனிக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிறாள். இன்று மாலை மாரெட்பள்ளி கோயிலில் அவளுடைய முதல் பாவசங்கீர்த்தனம். ஃபாதரிடம் சொல்லும்போது மறந்துவிடக் கூடாதென்று பாவங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் பாவம் என்றாலும் அதை அம்மா படிக்கக் கூடாது. வீட்டுப்பாடம் திருத்துகிற பழக்கத்தில், கையில் பேனாவோடு வாங்கிப் பார்த்துவிட்டேன்.

தம்பியைக் கிள்ளியது. ஜெபமாலையின்போது பராக்குப் பார்த்தது. மூன்றாவதாக, தூங்குவது போல நடித்தது, நிறைய தடவை.

"இதுல என்னடி பாவம்?"

"நீயும் டாடியும் சண்டை போடுவீங்கல்ல மம்மி? அதுக்கு முன்னாடி நான் தூங்கிட்டேனான்னு டாடி வந்து பாப்பாரு. நான் கண்ண மூடிக்குவேன். அது பொய்தான, கதா?"

பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் நாங்கள் ஆரம்பிப்போம். அதை ஒரு பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். தாளை மடித்துக் கொடுத்தேன்.

கோயிலில் பெரியவர்களுக்கும் வரிசை இருந்தது. நான் போய் நிற்கவில்லை. அவள் மட்டும் முகம் தெளிந்து வெளியே வந்தாள்.

"இனிமே அப்படி நடிக்க மாட்டேன்னு ஃபாதர்கிட்ட பிராமிஸ் பண்ணிட்டேன் மம்மி."

மல்லாபூரில் ஷிப்ட் முடிந்து அவர் இப்போதுதான் கீழே வண்டியை நிறுத்துகிறார். அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மத்தியானத்திலிருந்தே மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். சின்னவன் தூங்கிவிட்டான். ஜெனி படுத்திருக்கிறாள், கண்ணை நன்றாகத் திறந்தபடி.