இரண்டு வரி எடுத்தால் படம் உட்கார்ந்துவிடும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். உன் மாமாவும் சுகம்தான், என் கண்ணில் படாமல் இருக்கிற வரைக்கும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். ஒரு வரி விடாமல் படி, ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

என் தையல் புத்தகத்துக்கு மாமா தன் அச்சகத்தில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும், அவன் கம்ப்யூட்டரில் அந்த புரோகிராமைப் போட்டுக் கொடுத்ததே நீதானே. நான் கேட்டது ஒன்றே ஒன்று, படம் ஓரமாக இருக்க வேண்டும், அந்தப் படத்துக்கு உரிய எழுத்து அதைச் சுற்றி ஓட வேண்டும். ஒரு கையில் கத்திரிக்கோலும் இன்னொரு கையில் துணியுமாக நிற்பவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா? முதல் ப்ரூஃபைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்துப் படத்தின் மேலேயே எழுத்து ஏறிக் கிடக்கிறது. சட்டைக் கை வெட்டுகிற படம் பக்கத்தின் அடியில் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டது, ஆனால் அதற்காக ஒதுங்கிய எழுத்து மட்டும் ஒதுங்கியபடியே நிற்கிறது, பஸ்ஸில் வராத ஆளுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி பாதிப் பக்கம் காலி. கேட்டால் "நான் என்னக்கா பண்றது, மெஷின் அப்படித்தான் போடுது" என்கிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இரண்டாவது ப்ரூஃப் வந்தது, படமெல்லாம் அதனதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. நானும் ஏமாளி போல அவனைப் பாராட்டிவிட்டு, படங்களை மட்டும் பார்த்துவிட்டு, எழுத்தைத் திரும்பப் படிக்காமல், அந்தச் சட்டைப் பாடத்தை நகலெடுத்து என் வகுப்புப் பெண்களுக்குக் கொடுத்தேன். அவர்களில் வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்கும், போன லீவில் நீ வந்திருந்தபோது அண்ணா, அண்ணா என்று கம்ப்யூட்டரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டு உன்னைத் துளைத்தாளே, அவள்தான். அவள் பக்கத்து வீட்டு அம்மா தன் மகனுக்குச் சட்டை தைக்க என்று துணி கொடுத்து, அவளுக்கு முதல் ஆர்டர் வந்திருக்கிறது. தாளை எதிரே வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே வெட்டித் தைத்திருக்கிறாள். பையன் போட்டுப் பார்த்தால் கையை மேலே தூக்க முடியவில்லை, கைக்குழி கவ்விப் பிடிக்கிறது. துணி வீண். நான் எல்லார் முன்னாலும் "அளவெடுக்கத் தெரியாம எதுக்குடி கத்திரிக்கோலைத் தொட்டே" என்று கேட்டுவிட்டேன். அந்த வாயாடி தாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனவள்தான், மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

பிறகு அவள் விட்டுப்போன தாளை எடுத்துப் பார்த்தேன். "வரைந்த கோட்டின் மேல் வெட்டாதீர்கள், தையலுக்கு அரை இன்ச் வெளியே விட்டு வெட்டுங்கள்" என்று நான் எழுதிய இரண்டு வரியைக் காணோம். தையலுக்குத் துணி விடுவதை வகுப்பில் நான் இன்னும் சொல்லித்தரவே இல்லை, அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நேராக அச்சகத்துக்குப் போய் மாமாவைப் பிடித்தேன். "ரெண்டு வரி இடிச்சுதுக்கா, எடுத்தேன், படம் உட்கார்ந்துடுச்சு" என்று ஏதோ சட்டையில் இருந்த நூலைக் கிள்ளிப் போட்டவன் மாதிரி சொல்கிறான். எழுதியவளைக் கேட்க வேண்டாமா, யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு "உன் பிள்ளையைத்தான்க்கா போன்ல கேட்டேன்" என்றான்.

நீதான் சொன்னாயாமே, மேலே ரெண்டு வரி எடுத்துடுங்க மாமா, படம் தானா உட்கார்ந்துடும் என்று. எந்த வரியை எடுப்பது என்று அவன் கேட்டதற்கு, எதுவா இருந்தா என்ன, அம்மா புத்தகத்தை யார் அவ்வளவு கவனமா படிக்கப் போறாங்க என்று சிரித்தாயாம். மாமா என்னிடம் திட்டு வாங்கி வாங்கித் தோல் தடித்தவன், அவனை விடு. நீ சொன்னதுதான் எனக்கு வலிக்கிறது. உன் பள்ளிக்கூட யூனிஃபார்மிலிருந்து வேலைக்குப் போன முதல் சட்டை வரை நான் தைத்தது, ஒன்றிலாவது நான் அரை இன்ச் குறைத்தேனா?

இப்போது மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த வரிகளைத் திரும்பப் போட வைத்துவிட்டேன். சட்டைக் கை பாடத்தைப் புதுப் பக்கத்தில் தொடங்கினால் படமும் எழுத்தும் சேர்ந்தே நிற்கின்றன, முந்தின பக்கத்தின் அடியில் கொஞ்சம் வெற்றிடம் விழுகிறது, அவ்வளவுதான். வெறுமையாக இருந்தால் அசிங்கமாம், முனகுகிறான். முனகட்டும்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நானே வேறு துணியில் தைத்துக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணைத்தான் சரிசெய்ய முடியவில்லை. வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன், தப்பு உன்மேல் இல்லை, புத்தகத்தில்தான் என்றேன். "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க டீச்சர், எனக்குத்தான் கை வரல" என்கிறாள். மெஷினைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

உனக்கு நீல நிறத்தில் சட்டை ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன், நீ பருத்துவிட்டாய் என்று போட்டோவிலேயே தெரிகிறது, உள்ளே துணி விட்டிருக்கிறேன், பிரித்துக்கொள்ளலாம். குளிரில் அலையாதே. நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு, எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன், நான் சொன்னால் நம்பாதவள் நீ சொன்னால் நம்புவாள். வரியை எடுக்கச் சொன்னது நான்தான் என்று உன் வாயால் சொல். யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டாயே, அவள் படித்தாளப்பா, ஒரு வரி விடாமல் படித்து, அப்படியே நம்பி வெட்டினாள்.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு அல்ல, நீ அவளோடு பேசிவிட்டாய் என்ற செய்திக்குக் காத்திருக்கும்
அம்மா