அஜித் மூடிவைத்த கரி

அஜித் அப்பாவுக்கு,

குவைத்துக்குத் திரும்பியதிலிருந்து, அவன் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

துவாக்குடி காலேஜில் அவன் மூடிவைத்துவிட்டுப் போன நிலக்கரியை நேற்று கொளுத்திவிட்டார்கள். நான்தான் சரி என்றேன். அவனோடு படித்த பவித்ரா கேட்கும்போதெல்லாம், "இருக்கட்டும்மா, அவன் கைபட்டது" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு தடவைதான் கொளுத்த முடியுமாம். கொளுத்தினால் அதுவும் போய்விடுமே என்றிருந்தது.

பூமிக்குள் ஆள் இறங்காமல், கரியைக் கிடந்த இடத்திலேயே எரித்து வாயு எடுப்பதுதான் அவன் படிப்பு. இரும்புப் பீப்பாய்க்குள் கரியை வைத்து, பூமி மாதிரியே களிமண்ணால் மூடியிருந்தான். மண்ணில் அவன் விரல் தடம் அப்படியே இருந்தது. ஒரு குழாயில் காற்றையும் கரியமில வாயுவையும் உள்ளே விட்டார்கள்.

"புகையாப் போறதுதானே, அதை எதுக்கும்மா திரும்ப உள்ள விடுறீங்க?" என்றேன்.

"தணல்ல பட்டா அது எரியுற வாயுவா மாறி வரும்மா. இதைப் பார்க்கணும்னுதான் அவன் துடிச்சான்" என்றாள் பவித்ரா.

மறு குழாயின் வாயில் தீ நீலமாகப் பிடித்தது. அவள் அழுதுவிட்டாள்.

அன்றைக்குப் பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று தெருமுனையிலேயே என்னை நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் வைத்த நெருப்பை நான் பார்க்கவில்லை. இதை அணையும்வரை நின்று பார்த்தேன்.

பாலக்கரை வந்து, வீட்டுக்குள் நுழையாமல் வாசல் குழாயடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மேல்வீட்டு ரோஷன் பேகம் எட்டிப் பார்த்து, "யார் வீட்டு சாவுக்குக்கா போயிட்டு வர்றீங்க?" என்றாள்.

"எங்க அஜித்துக்குத்தான்" என்றேன்.

அவன் அம்மா