பெட்ரோல் தொட்டியில் அரை அங்குலம் பெரிதாக விழுந்த துளை பற்றி

அனுப்புநர்:
தையற்கடைக்காரர்,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
வாகன ஆய்வு அலுவலகம்.

பொருள்: என் காரின் பெட்ரோல் தொட்டியை மாற்றியமைத்ததற்காக மகளின் பட்டறை உரிமம் நிறுத்தப்பட்டது – மறு ஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தாவது வரை படித்தவன். கடைசி வருடம் படித்ததாக வாத்தியார்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே மனுவில் எங்காவது சட்டம் இடறினால் பொறுத்துக்கொள்ளவும்.

2. கடைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் என் மகள் முறையாக உரிமம் பெற்று கார் பட்டறை நடத்துகிறாள். என் பழைய காருக்கு வேகமான என்ஜின் ஒன்றைப் பொருத்தினாள். அது குடிக்கும் வேகத்துக்குப் பழைய பம்பால் பெட்ரோல் ஊட்ட முடியவில்லை. மேட்டில் ஏறினால் வண்டி என்னைப் போலவே மூச்சு வாங்கியது. அதனால் அதிகத் திறனுள்ள பம்பு வாங்கினாள். தொட்டிக்குள் இறக்கி வைக்கும் அந்தப் பம்பு தடியானது. பழைய துளையில் நுழையாததால் தொட்டியின் மேல்பக்கத்தை வெட்ட வேண்டியதாயிற்று.

3. தொட்டியைக் கழற்றி, காலி செய்து, பலமுறை கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகே வெட்டினாள். அதற்கு முன், பம்பின் மூடியை வைத்து அளவு வரைந்து தரும்படி என்னிடம் கேட்டாள். வட்டம் வரைவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பில் வரைந்தேன். கைப்பழக்கத்தில், மூடியைச் சுற்றித் தையலுக்கு அரை அங்குலம் விட்டுவிட்டேன். சட்டைக் கழுத்தில் ஒருநாளும் இந்தத் தப்பைச் செய்ததில்லை. துளைக்கு அப்படி விடக்கூடாது என்பது, மூடி தொட்டிக்குள் டப்பென்று விழுந்த பிறகே உறைத்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அகலமான வளையம் ஒன்றைப் பற்றவைத்து, ரப்பர் கொடுத்து மூடியை இறுக்கினாள். சொட்டுக்கூடக் கசியவில்லை.

4. கசிவு இல்லை என்றே, வண்டியைச் சோதித்த தங்கள் அலுவலரும் எழுதியிருக்கிறார். ஆனால் வளையத்தைப் பார்த்து, வெட்டத் தெரியாதவர் வெட்டியது என்று முடிவுகட்டி உரிமத்தை நிறுத்தினார். தொட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் சொன்னார். எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது இங்கேதான். துளையைச் சிறிதாக்கினால் அதுவும் மாற்றம்தானாம், முன் அனுமதி வேண்டுமாம். அனுமதி கேட்கப் போனால், வண்டி பழைய நிலையில் இருந்தால்தான் தருவார்களாம். வேறு தொட்டி போடலாமென்றால் அந்த வகைக் கார் இப்போது வருவதில்லை. பழைய இரும்புக் கடையில் எடுத்தால் அது இந்த வண்டியின் தொட்டி இல்லை என்கிறார்கள் அடுத்த ஜன்னலில். இந்த வண்டியின் தொட்டி தங்கள் வளாகத்தில்தான் இருக்கிறது ஐயா, வண்டியோடு.

5. வரைந்தவன் நான் என்று அலுவலரிடம் சொன்னேன். மகளுக்காகப் பழியை ஏற்கிறேன் என்று நினைத்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டார். மகளோ, "கோடு யார் போட்டா என்னப்பா, அளந்து பாக்காம வெட்டினது நான்தானே" என்கிறாள். அதிலும் நியாயம் இருப்பதால் என் குழப்பம் கூடிவிட்டது. அவள் அளக்காததற்குக் காரணம், அப்பா வரைந்தது என்பதுதான். அது எந்தப் பிரிவில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டறை பூட்டிக் கிடக்கிறது. வந்த வண்டிகளும் வேறிடம் போய்விட்டன. அவள் என் கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள். முகம் சுளிக்காமல் தைக்கிறாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

6. ஆகவே, அந்தத் தொட்டியை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் மறுபடி சோதிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். காரை ஓட்டக்கூடாது என்றால் ஓட்டவில்லை; இரும்புக் கடைக்கே போகட்டும். அவளுக்கு வெட்டத் தெரியாது என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, பட்டறையைத் திறக்க அனுமதியுங்கள். நான் போட்ட கோட்டின் மேல் அவள் இம்மியும் பிசகாமல் வெட்டியிருக்கிறாள் ஐயா.

இடம்: தையற்கடை
தேதி: இம்மாதம் பதினொன்று

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
காரின் உரிமையாளரும் கோடு போட்டவருமான தகப்பன்