பதில் மணி

அண்ணே, நேற்றிலிருந்து என் ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். அதில் ஒன்றும் ஒட்டவில்லை. அது எதையும் தொடவே இல்லை. எனக்கு இன்னும் படபடப்பு அடங்காததும் அதனால்தான்.

என் வீட்டுக்காரிக்குக் கண்ணில் புரை. ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கிளம்பி, காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து கேட்பார்கள் என்று சட்டைப்பையில் பேனாவோடு போனவன் நான். மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், கன்னட எழுத்துகள் நிற்கின்றன! கண்ணாடி இல்லை, திரை இல்லை. அடியில் பச்சையாக ஒரு பட்டன் வேறு மிதந்தது.

“டச் பண்ண வேணாம் அங்கிள், காத்துலயே அமுத்துங்க. சம்மதம்னு போயிடும்” என்றாள் கவுன்டர் பெண்.

எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரல் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. பகீரென்று கையை இழுத்துக்கொண்டேன். யாருக்குப் போகும் என்று கேட்டேன். சிஸ்டத்துக்கு என்றாள். அது பதில் சொல்லுமா என்றதற்குச் சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் உங்கள் நினைப்பு வந்தது. நம் தங்கச் சுரங்கத்தின் அடியில், கேஜ் கூண்டில் ஆளேற்றி மணி அடிப்பவன் நான். மேலே இன்ஜின் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கேஜை இழுப்பவர் நீங்கள். நடுவில் ஆயிரக்கணக்கான அடி பாறை. நான் மூன்று மணி அடிப்பேன். நீங்கள் மூன்று திருப்பி அடித்த பிறகுதான் கேஜ் அசையும். முகம் பார்க்காமலே அப்படி எத்தனை வருஷம்!

ஒருநாள் பதில் வரவில்லை. மறுபடி அடித்தேன். அப்போதும் இல்லை. ஷிப்டு முடிந்த ஆட்கள் கேஜுக்குள் கத்த ஆரம்பித்தார்கள். போனை எடுத்து, தூங்கிட்டியாடா என்று உங்கள் அம்மாவையும் சேர்த்துத் திட்டினேன். நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: “இன்னிக்கு உன் மணி அவசரமா ஓடுதுப்பா. ஓடுறவன் கதவப் பாத்திருக்க மாட்டான். போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். கேஜ் கதவின் கொண்டி மாட்டாமல் தொங்கியது. அதில் சாய்ந்து நின்றவன் என் மச்சான், இவளோடு கூடப்பிறந்தவன்.

நேற்று அந்தப் பச்சைப் பட்டன் எதிரே நான் அசையவில்லை. எனக்குக் கன்னடம் பேச வரும், வாசிக்க வராது. ஒரு மனுஷர் வந்து வாசித்துக் காட்டி, எனக்குப் பதில் சொன்னால்தான் விரலை நீட்டுவேன் என்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. இவள் வெட்கத்தில் என் கையைக் கிள்ளினாள். கடைசியில் ஒரு நர்ஸ் வந்து, எரிச்சலோடுதான், மடமடவென்று வாசித்தார். பெயர் சரி, வயது சரி. இடது கண் என்றார்.

“இடதா? எனக்கு வலது கண்ணுதானேம்மா தெரியல?” என்றாள் இவள்.

நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்ல கண், அண்ணே! காற்றில் ஒரு குத்து, அவ்வளவுதான், நல்ல கண்ணைக் கத்திக்குக் கொடுத்திருப்பேன். பிறகு டாக்டரே ஓடிவந்து எல்லாவற்றையும் மாற்றினார். இப்போது வலது கண்ணில் கட்டோடு உட்கார்ந்து, இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போடுகிறாள்.

அன்று மேலே வந்தவன் உங்களைத் தேடி வரவில்லை. திட்டியதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் எத்தனையோ தடவை எதிர்ப்பட்டோம். டீ வாங்கிக் கொடுத்தேனே தவிர, அதைக் கேட்கவில்லை. போன மாதம் உங்களைப் புதைத்த இடத்தில் நின்றபோதும் வாய் வரவில்லை.

ராத்திரி முழுக்கக் கட்டில் கம்பியில் யாரைத் தட்டிக் கூப்பிட்டாய் என்று காலையில் இவள் கேட்டாள். மூன்று தட்டுவேனாம், சும்மா இருப்பேனாம், திரும்ப மூன்று தட்டுவேனாம்.