ஓரத்துப் பூ உடைஞ்ச நோட்டீசு

சிவகாசி, 3-2-62

அய்யாவுக்கு மகன் கருப்பணன் கும்பிட்டு எழுதுறது. நான் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா?

இங்கன எலெக்சன் சூடு. "மேனேஜருக்கு ஆயிரம் ரூபாய் போனசு, உங்களுக்கு ஒத்த வேட்டியா?"ன்னு எங்க முதலாளியைத் திட்டி, எலெக்சன்ல நிக்கிற ஒரு கட்சிக்காரர் நோட்டீசு கொடுத்தார். எல்லாரும் கொதிச்சுப்போயி அவருக்குத்தான் ஓட்டுங்கிறாக.

எனக்குத்தான் சந்தேகம். நோட்டீசு ஓரத்துல ஒரு பூவுக்கு இதழ் உடைஞ்சிருக்கு. அது எங்க அச்சாபீசு அச்சு, நான் கைதவறிப் போட்டு உடைச்சது. இம்புட்டு எலெக்சன் வேலை கிடக்கையில, போன ஞாயித்துக்கிழமை எங்களை வரவேண்டாம்னது இதுக்குத்தானா? முதலாளியே தன்னைத் திட்டி நோட்டீசு அடிப்பாரா? ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள கூட்டு, எங்க ஓட்டை வாங்கத்தான் இந்த வேசம்னு தோணுது.

வர்ற ஆள்கிட்ட கருவாடு கொடுத்துவிடுங்க. வெறுஞ்சோறு இறங்க மாட்டேங்குது.

அந்தக் கட்சிக்காரர் நம்ம ஊருக்கும் வருவார், மாலை போட்டுறாதீக. இந்தக் கடுதாசிக்குப் பின்பக்கம் அந்த நோட்டீசுதான். பூவைப் பார்த்துட்டு அடுப்புல போட்டுருங்க.