தண்டவாளத்தை விட்டு ரயில் எங்கே போகும்

உன் வேலையைத் திருடிவிட்டார்கள். இன்று காலை, நம் ஊரைக் கடந்துகொண்டிருந்த ரயிலில், என் கண்ணெதிரே திருடினார்கள்.

சோதனை ஓட்டம். பெட்டி நிறைய அதிகாரிகள், எங்கள் கம்பெனி ஆட்கள், ஆளுக்கொரு முந்திரிப் பொட்டலம். சென்னை அலுவலகத்தோடு நேரலைப் பேச்சு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்காமல் பாய்ந்தோம். செராமிக் கம்பெனிகளின் புகைபோக்கிகள் சன்னலில் வந்தன, அதே வேகத்தில் போயின. திரையில் பேசியவரின் குரலில் ஒரு கீறல்கூட விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் உனக்காகத் தட்டினேன். அடுத்து, ஓடும் ரயிலில் பேச்சு அறாமல் காக்கும் இந்த முறையை உருவாக்கியவர்கள் என்று திரையில் பெயர்கள் வந்தன. என் பெயர் இருந்தது. உன் பெயர் இல்லை.

அந்தப் புகைபோக்கிகளைப் பார்த்ததும், உன்னை வழியனுப்ப உன் அம்மா ஜங்ஷனுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. நாம் சென்னை வண்டிக்குக் காத்திருந்தோம். பீங்கான் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்கை வரை வெள்ளை மண். எதிர்ப் பக்கம் ஒரு எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்தபடி கடந்தது.

"வரும்போது கீச்சுனு கத்துது, தாண்டுனதும் கம்முது பாரும்மா. போன்ல போவுற அலையும் இப்பிடித்தான் மாறிடும். ரயிலு ரொம்ப வேகமா போனா பேச்சே அறுந்துடும். அத நேராக்குறதுதான் எங்க வேல" என்றாய்.

"இதுக்கா ரெண்டு பேரும் ஏசி ரூம்ல குந்தியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, தூக்குப் பையை உன் தோளில் மாட்டினார். வண்டி உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. மதிப்பெண் உனக்குத்தான் அதிகம். ஆனால் கம்பெனியில் நான் நிரந்தரம், நீ ஒப்பந்தம். நேர்காணலில் என் கான்வென்ட் இங்கிலீஷுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. உன் அரசுப் பள்ளி இங்கிலீஷுக்கு ஒரு ஏஜென்சியின் அடையாள அட்டை கிடைத்தது. திறமைக்குத்தான் மதிப்பு என்று என்னிடம் யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

குழுவில் எல்லோரும் ஒரே வழியில் போய்க்கொண்டிருந்தோம். வந்து சேர்ந்த அலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து, அதன் பிறகு திருத்துவோம். அளந்து முடிப்பதற்குள் ரயில் வேறு இடத்துக்குப் போயிருக்கும். திருத்தம் பழசாகிவிடும். நீதான் குறுக்கே பேசினாய். சூளையில் சுடும்போது மண் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துதானே உங்கள் பட்டறையில் அச்சையே பெரிதாகச் செய்கிறார்கள். அதுபோல அலையையும் செல்போன் கோபுரத்திலிருந்து மாற்றியே அனுப்பலாம், ரயிலை அடையும்போது சரியாகிவிடும் என்றாய். ரயில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று குழுத் தலைவர் மடக்கினார். நீ அவரைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாய்:

"தண்டவாளத்த வுட்டு ரயிலு எங்கடி போவப்போவுது?"

அறை சிரித்தது. தலைவர் அதற்குப் 'பானைக் கணக்கு' என்று பெயர் வைத்தார். உன் சாதியைக் குத்தித்தான் வைத்தார். நீ அந்தப் பெயரையே உன் நிரலின் முதல் வரியில் எழுதிவிட்டு வேலையைத் தொடர்ந்தாய்.

முதல் சோதனையில் கோபுரத்தை நெருங்கும்வரை பேச்சு கண்ணாடிபோல் இருந்தது. தாண்டியதும் செத்துவிட்டது. நெருங்கும்போது அலை ஏறும், அதனால் இறக்கி அனுப்ப வேண்டும். விலகும்போது அது இறங்கும், ஏற்றி அனுப்ப வேண்டும். நீ இரண்டு பக்கமும் இறக்கியே அனுப்பியிருந்தாய். பிழை இரட்டிப்பாகிவிட்டது. வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது. மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் நீயே சிரித்தாய்.

"மண்ணு சுருங்க மட்டும்தான் செய்யும், எந்த ஊருலயும் வளராது. அந்தப் புத்தியிலயே எழுதிட்டேன்டி."

கோபுரத்தைக் கடக்கும் அந்த இடத்தில் திருத்தம் திசை மாறுவதை நீ எழுதி முடித்த வாரம் உனக்குக் காய்ச்சல். ஒப்பந்தக்காரிக்கு ஏது விடுப்பு? மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாய். டெங்கு என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. உன் அம்மா அடக்கத்தன்றும் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "அவ வேல முடிஞ்சிதாம்மா?" முடிந்தது என்றேன். அது உண்மை. உன்னோடு படித்தவள், உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளும்போது இப்போதும் என் முதுகு நிமிர்கிறது.

இன்று ரயிலில் தலைவரின் இருக்கைக்குப் போய்க் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவங்க ஏஜென்சி ஸ்டாஃப்ம்மா. ரூல் அப்படி. டீம் எஃபர்ட்னு எடுத்துக்க."

"திருத்தம் மொத்தமும் அவ எழுதினது, சார்."

"சென்னை போய்ப் பேசிக்கலாம். உக்காரு."

உட்காரவில்லை. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட குணம் ஒன்று உண்டு: அறை சிரித்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பது. மேசை மேல் இருந்த ஒலிவாங்கியை எடுத்தேன். பெட்டியில் இருந்தவர்களும் சென்னைத் திரையில் இருந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள். உன் முழுப் பெயரையும் உன் அம்மா பெயரையும் ஊர்ப் பெயரையும் சொன்னேன். ரயில் அடுத்த கோபுரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இணைப்பு அறுந்தது, காதில் விழவில்லை என்று அவர்களில் ஒருவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர்ந்ததைத் திரையில் அவர்கள் முகத்திலேயே பார்த்தேன்.

"இத செஞ்சது அவதான். அவ பேர முதல்ல போட்டு, இப்பவே திரையில காட்டுங்க."